“சுடச் சொன்னாங்க” என்றால் யார் சொன்னது? போர்க்குற்றத்துக்காகப் படைத் தளபதியைக் கூண்டில் ஏற்றுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பினாங்கில் பல வருடம் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். வழக்கறிஞர் இல்லை. ஒரு தமிழ்ச் சாட்சி கூண்டில் ஏறி “அடிக்கச் சொன்னாங்க” என்றால், அதை மலாயில் ‘டியா’ (ஒருவர்) என்று போடுவதா, ‘மெரேகா’ (பலர்) என்று போடுவதா என்று ஒரு நொடி நின்றுவிடுவேன். தமிழில் ‘சொன்னாங்க’ பத்து பேராகவும் இருக்கலாம், மரியாதைக்குரிய ஒரே ஆளாகவும் இருக்கலாம். நீதிபதியிடம் அனுமதி வாங்கி, “யார் சொன்னது, ஒருத்தரா, பல பேரா?” என்று கேட்டுத் தெளிந்த பிறகுதான் அடுத்த வாக்கியத்துக்குப் போவேன். ஓய்வுக்குப் பிறகு போர்க்குற்ற வழக்குகளைப் படிக்க உட்கார்ந்தபோது, மொத்த வழக்கும் அந்த ஒரு சொல்லில்தான் நிற்கிறது என்று புரிந்தது. ஜார்ஜ்டவுனிலும் பிரிக்பீல்ட்ஸிலும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டங்களில் இதைப் பேசும்போது வரும் கேள்விகளையும், நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

தளபதி தன் கையால் யாரையும் கொல்லவில்லையே, அவர் எப்படிக் குற்றவாளி ஆவார்?

இரண்டு வழி இருக்கிறது. ஒன்று நேர்வழி: அவரே உத்தரவு போட்டார், திட்டம் வகுத்தார், ஆள் அனுப்பினார் என்று காட்டுவது. இதில் யாருக்கும் குழப்பம் வராது. இரண்டாவதைக் கட்டளைப் பொறுப்பு என்பார்கள், சிக்கல் எல்லாம் அதில்தான். உத்தரவே போடாவிட்டாலும் மூன்று விஷயத்தை நிரூபித்தால் தளபதி மாட்டுவார். அந்தப் படை உண்மையிலேயே அவர் பிடியில் இருந்தது. குற்றம் நடக்கிறது என்று அவருக்குத் தெரியும், அல்லது அந்த நிலைமையில் தெரிந்திருக்க வேண்டும். அப்படியிருந்தும் அவர் தடுக்கவும் இல்லை, நடந்த பிறகு செய்தவர்களைத் தண்டிக்கவோ விசாரணைக்கு ஒப்படைக்கவோ இல்லை. அனைத்துலகக் குற்றவியல் நீதிமன்றத்தை அமைத்த ஒப்பந்தமான ரோம் சாசனத்தின் 28ஆவது பிரிவு இதைத்தான் சொல்கிறது. மூன்றில் ஒன்று விழுந்தாலும் வழக்கு விழுந்துவிடும்.

பிடி என்றால் தோளில் எத்தனை நட்சத்திரம் என்ற கணக்கு இல்லை. அவர் “நிறுத்து” என்றால் அந்த ஆட்கள் நிறுத்தியிருப்பார்களா? அதுதான் கேள்வி. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. கங்காணி அடிக்கிறான், துரை பங்களாவில் இருக்கிறார். அழுகைச் சத்தம் துரைக்குக் கேட்டிருக்காதா? கேட்டும் ஏன் சும்மா இருந்தார்? லயத்தில் நம்ம பெரியவர்கள் கேட்ட அதே கேள்வியைத்தான் நெதர்லாந்தின் ஹேக் நகரத்தில் அங்கி போட்டுக்கொண்டு கேட்கிறார்கள்.

இந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது?

நம்ம ஊரைப் பிடித்த ஜெனரலிடமிருந்து என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. 1941 டிசம்பர் 8 அன்று கோத்தா பாருவில் இறங்கி, ஜனவரி 11 அன்று கோலாலம்பூரைப் பிடித்து, 70 நாளில் சிங்கப்பூரையும் முடித்தது ஜப்பானின் 25ஆவது படை. அதற்குத் தலைமை தாங்கியவர் தோமோயுகி யாமாஷிதா. போர் முடிந்ததும் அவரைப் பிடித்து மணிலாவில் அமெரிக்க ராணுவ ஆணையத்தின் முன் நிறுத்தினார்கள். அந்த வழக்கில் மலாயாவைப் பற்றிப் பேச்சே இல்லை. 1944–45இல் பிலிப்பீன்ஸில் அவர் பொறுப்பில் இருந்த படைகள் செய்த கொலைகள்தான் வழக்கு, முக்கியமாக 1945 பிப்ரவரியில் மணிலாவில் நடந்தவை.

அவர் சொன்ன பதில் இது: நான் வடக்கே மலையில் இருந்தேன், தொடர்பு அறுந்துவிட்டது, மணிலாவை விட்டு வெளியேறச் சொல்லியிருந்தேன், கடற்படை ஆட்கள் கேட்கவில்லை. ஆணையத்தில் இருந்த ஐந்து பேரும் ஜெனரல்கள், ஒருவர்கூட வழக்கறிஞர் இல்லை. 1945 அக்டோபர் 29இல் தொடங்கிய விசாரணை டிசம்பர் 7இல் தூக்குத் தண்டனையோடு முடிந்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6–2 என்று தலையிட மறுத்தது. எதிர்த்து எழுதிய இரண்டு நீதிபதிகளும், அவருக்குத் தெரியும் என்று யாரும் நிரூபிக்கவில்லையே என்று கேட்டார்கள். 1946 பிப்ரவரி 23 அன்று தூக்கில் போட்டார்கள்.

என் குடும்பம் ஜப்பான்காரன் காலத்தில் பட்டது கொஞ்சநஞ்சமில்லை, யாமாஷிதாவுக்காக நான் அழப்போவதும் இல்லை. ஆனாலும் அந்த இரண்டு நீதிபதிகள் பக்கம்தான் என் மனசு போகிறது. ‘தெரிந்திருந்தது’ என்ற கண்ணியை நிரூபிக்காமல் ஒருவனைத் தூக்கில் போட்டால், நாளைக்கு அதே கயிறு யார் கழுத்துக்கும் வரும். பிற்பாடு வந்த தீர்ப்பாயங்கள் அந்தக் கண்ணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டதற்கு இந்த வழக்கின் கசப்பும் ஒரு காரணம்.

மலாயாவில் நடந்ததற்கு எந்தத் தளபதியும் தண்டனை பெறவில்லையா?

பெற்றார்கள். ஜொகூரில் பாரிட் சூலோங் என்ற சின்ன ஊர் இருக்கிறது. 1942 ஜனவரியில் அங்கே பின்வாங்க முடியாமல் சிக்கிய, காயம்பட்ட ஆஸ்திரேலிய, இந்திய வீரர்களை ஜப்பானியப் படை கொன்று எரித்தது. அந்தப் படைப்பிரிவின் தளபதி தாக்குமா நிஷிமுரா. சிங்கப்பூரில் சீனர்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்ற வழக்கில் 1947இல் அவருக்கு ஆயுள் தண்டனைதான் கிடைத்தது. பாரிட் சூலோங்குக்காக ஆஸ்திரேலியர்கள் தனியாக வழக்கு நடத்தி 1951இல் மானுஸ் தீவில் தூக்கில் போட்டார்கள். தீயிலிருந்து தப்பிய ஒரு ஆஸ்திரேலிய அதிகாரி உயிரோடு இருந்து சொன்னதால்தான் அங்கே என்ன நடந்தது என்று உலகத்துக்குத் தெரிந்தது.

சயாம் மரண ரயிலுக்கு யார் பதில் சொன்னார்கள்?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்போது மட்டும் எனக்கு நிதானம் தவறும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஜப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்குப் போட்ட 415 கிலோமீட்டர் பாதை, 1942–43. அதில் 60,000க்கு மேற்பட்ட போர்க்கைதிகள் வேலை செய்து 12,000 பேருக்கு மேல் செத்தார்கள். நம்ம தோட்டங்களிலிருந்து லாரியிலும் ரயிலிலும் ஏற்றப்பட்ட தமிழர்கள், மலாய்க்காரர்கள், பர்மாக்காரர்கள், ஜாவாக்காரர்கள் அதைவிடப் பல மடங்கு. அந்தப் பாதைக்குப் பொறுப்பாக இருந்த மேஜர் ஜெனரல் இஷிடாவை 1946இல் சிங்கப்பூரில் விசாரித்துப் பத்து ஆண்டு கொடுத்தார்கள், அவருக்குக் கீழே இருந்த சிலருக்குத் தூக்கு. ரயில் வழக்குகள் பெரும்பாலும் வெள்ளைக்காரக் கைதிகளைச் சுற்றியே நடந்தன. அவர்களிடம் பெயர்ப் பட்டியல் இருந்தது, ஒளித்து வைத்த நாட்குறிப்பு இருந்தது, உயிரோடு திரும்பிய அதிகாரிகள் இருந்தார்கள். நம்ம ஆட்களுக்குக் கல்லறையே இல்லை, பட்டியலுக்கு எங்கே போவது?

என் தாத்தாவைச் சுங்கைப்பட்டாணிப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து 1943இல் கொண்டுபோனார்கள். திரும்பி வந்தவர் அதிகம் பேசமாட்டார். பேசினால், “அடிச்சாங்க, பொதைக்கச் சொன்னாங்க” என்பார். யாரு தாத்தா என்று நான் சின்னப் பையனாக இருந்தபோது கேட்டதற்கு ஒரே ஒரு தடவை பதில் வந்தது. வட்டக் கண்ணாடி போட்ட ஒருவன் தள்ளுவண்டியில் தண்டவாளத்தின் மேலேயே உட்கார்ந்து பார்வையிட வருவானாம். அவன் வருவதற்கு முதல் நாள் காலரா கண்டவர்களை எல்லாம் தூக்கிக்கொண்டு போய் மூங்கில் புதருக்குப் பின்னால் படுக்க வைக்கச் சொல்வார்களாம். அவன் போன பிறகு போய்ப் பார்த்தால் பாதிப் பேர் இருக்கமாட்டார்கள்.

இதை ஒரு சாட்சியமாக எடுத்துப் பாருங்கள். கண்ணாடிக்காரனின் வழக்கறிஞர் எழுந்து, “பார்த்தீர்களா, என் கட்சிக்காரரிடம் மறைத்திருக்கிறார்கள், அவருக்குத் தெரியாது” என்பார். அரசுத் தரப்போ, முகாமில் இருந்தவனுக்கு இது குற்றம் என்று தெரிந்ததால்தானே மறைத்தான், அவனை விடாதீர்கள் என்று சொல்லும். அப்புறம், நூற்றுக்கணக்கில் ஆள் குறைவதைப் பட்டியலில் பார்த்தும் கண்ணாடிக்காரன் ஏன் கேட்கவில்லை என்றும் கேட்கும். தாத்தாவின் நாலு வரியில் இரண்டு பேருடைய வழக்கு இருக்கிறது. கேட்பதற்குத்தான் அன்றைக்கு யாரும் வரவில்லை.

“மேலே சொன்னாங்க, செஞ்சேன்” என்று சிப்பாய் தப்பிக்கலாமா?

முடியாது. தண்டனை குறையலாம். பொஸ்னியாவில் 1995இல் நடந்த சிரெப்ரெனிட்சா படுகொலையில் சுட்டவர்களில் எர்தெமோவிச் என்ற இளைஞன் தானே முன்வந்து ஒப்புக்கொண்டான். சுடாவிட்டால் நீயும் அந்த வரிசையில் போய் நில் என்றார்கள் என்று சொன்னான். முதலில் பத்து ஆண்டு, 1998இல் ஐந்தாகக் குறைத்தார்கள். அது குறைவு என்று கோபப்படுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களைத் தப்பு சொல்லமாட்டேன். ஆனால் அவன் கொடுத்த சாட்சியம்தான் மேலே இருந்த தளபதிகளின் வழக்குகளுக்கு ஏணியானது. கீழே இருப்பவன் வாய் திறக்காமல் மேலே போக முடிவது அபூர்வம்.

ஹேக்கில் எத்தனை நீதிமன்றம்தான் இருக்கிறது? குழப்பமாக இருக்கிறதே.

அனைத்துலக நீதிமன்றம் என்பது நாடும் நாடும் மோதும் இடம். அங்கே தனி ஆளைக் கூண்டில் ஏற்ற மாட்டார்கள். ஆளை ஏற்றுவது அனைத்துலகக் குற்றவியல் நீதிமன்றம். அது 2002 ஜூலை 1இலிருந்து இயங்குகிறது, அதற்கு முன் நடந்ததைத் தொடாது. யுகோஸ்லாவியாவுக்கு என்று ஐ.நா. பாதுகாப்பு மன்றம் 1993இல் தனியாக ஒரு தீர்ப்பாயம் வைத்தது. 161 பேர் மீது குற்றம் சாட்டி, 2017 கடைசியில் மூடிவிட்டார்கள். மிச்ச வேலைக்கு ஒரு சின்ன அமைப்பு இருக்கிறது.

ஆதாரம் எப்படிக் கிடைக்கிறது? எந்த ஜெனரலும் “கொல்லு” என்று எழுதிக் கையெழுத்துப் போடமாட்டாரே?

போடமாட்டார். அதனால் வேறு காகிதங்களைத் தேடுகிறார்கள். எனக்கு மறக்கவே முடியாதது ஒரு டீசல் சீட்டு. 1995 ஜூலையில் சிரெப்ரெனிட்சாவில் பொஸ்னிய செர்பியப் படையினர் ஏழாயிரத்துக்கு மேற்பட்ட ஆண்களையும் பையன்களையும் கொன்று புதைத்தார்கள். விஷயம் வெளியே கசிந்ததும், இலையுதிர் காலத்தில் இயந்திரம் வைத்து அந்தக் குழிகளைத் தோண்டி, உடல்களை லாரியில் ஏற்றித் தொலைவில் வேறு குழிகளில் கொட்டினார்கள். ஒரே மனிதனின் எலும்புகள் இரண்டு மூன்று குழிகளில் கிடைத்தது அதனால்தான். சரி, மண் வாரிக்கும் லாரிக்கும் எண்ணெய் வேண்டுமே? போர்க்காலத்தில் டீசல் சும்மா கிடைக்காது. 1995 செப்டம்பர் 14 தேதியிட்ட படைத் தலைமையகத்தின் ஆணை ஒன்று, ‘பொறியியல் வேலைக்கு’ என்று 5 டன் டீசல் ஒதுக்கியிருந்தது. பிணத்தைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. ஆனால் தலைமையகத்துக்குத் தெரியாமல் ஐந்து டன் டீசல் போகாது.

இன்னொன்று, பொஸ்னிய ராணுவத்தில் வானொலி ஒட்டுக்கேட்டவர்கள், எதிரித் தளபதிகள் பேசியதைப் பள்ளிக்கூட நோட்டு மாதிரி நோட்டுகளில் கையால் எழுதி வைத்திருந்தார்கள். யார் யாரோடு, எத்தனை மணிக்கு என்று. பொய் என்றார்கள் எதிர்த்தரப்பு வழக்கறிஞர்கள். ஆனால் வெவ்வேறு மலையில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் ஒரே பேச்சைத் தனித்தனியாக எழுதியிருந்தால் பொய் என்று எத்தனை நாள் சொல்ல முடியும்? குழிகளில் கிடைத்த கண்கட்டுத் துணியும் கையைக் கட்டிய கம்பியும், சண்டையில் செத்தார்கள் என்ற கதையை முடித்தன.

பொஸ்னிய செர்பியப் படையின் தலைவர் ராத்கோ ம்லாதிச் விஷயத்தில் அவர் கையெழுத்தே வந்தது. 2010இல் பெல்கிரேடில் அவர் மனைவி வீட்டில் ஒளித்து வைத்திருந்த 18 நோட்டுப் புத்தகங்கள் கிடைத்தன, சுமார் 3,500 பக்கம். கொலைகள் உச்சத்தில் இருந்த ஜூலை 14 முதல் 16 வரை அவர் பெல்கிரேடில் இருந்தார், ஒரு கல்யாணத்துக்குக்கூடப் போயிருந்தார். நான் அங்கே இல்லையே என்பது அவர் வாதம். ஊரில் இல்லாவிட்டாலும் தொடர்பு அறவில்லை, உத்தரவுகள் போய்க்கொண்டுதான் இருந்தன என்று நீதிபதிகள் கண்டார்கள். யாமாஷிதா வழக்கில் நிரூபிக்காமல் விட்ட கண்ணியை இங்கே காகிதம் காகிதமாகக் கோத்தார்கள். 530 நாள் விசாரணை, 592 சாட்சிகள், 2017 நவம்பர் 22 அன்று ஆயுள் தண்டனை. 2021 ஜூனில் மேல்முறையீட்டிலும் அதுவே உறுதியானது.

இவ்வளவு நாள் ஏன் ஆகிறது? யார் கைது செய்வது?

நீதிமன்றத்துக்குச் சொந்தமாகப் போலீஸ் கிடையாது. ம்லாதிச் மீது 1995இல் குற்றம் சாட்டினார்கள், 2011 மே மாதம்தான் செர்பியாவில் லசாரெவோ என்ற கிராமத்தில் உறவினர் வீட்டில் பிடித்தார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர வேண்டும் என்ற ஆசை செர்பியாவுக்கு இல்லாவிட்டால் அதுவும் நடந்திருக்காது என்பது என் எண்ணம். காங்கோவின் தளபதி ந்தகாந்தா 2013இல் தானே நடந்து கிகாலியில் அமெரிக்கத் தூதரகத்துக்குள் போய் என்னை ஹேக்குக்கு அனுப்புங்கள் என்றார். இப்போது 30 ஆண்டுத் தண்டனையில் இருக்கிறார். புட்டின் மேல் 2023 மார்ச்சிலிருந்து கைது ஆணை இருக்கிறது, 2024 செப்டம்பரில் உறுப்பு நாடான மங்கோலியாவுக்குப் போய்விட்டுச் சாதாரணமாகத் திரும்பினார். ஆனால் 2025 மார்ச் 11 அன்று, மணிலா விமான நிலையத்தில் இறங்கிய பிலிப்பீன்ஸின் முன்னாள் அதிபர் டுத்தேர்தேயை அன்றைக்கே ஹேக்குக்கு விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். அரசியல் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் கதவு திறக்கிறது. இது அநியாயம்தான். ஆணையே பிறப்பிக்காமல் விட்டிருந்தால் திறக்கிற அன்றைக்கும் ஒன்றும் நடக்காது என்பதையும் பார்க்க வேண்டும்.

வருடம் கடந்தால் வழக்கு செத்துவிடுமா?

சாகாது. போர்க்குற்றத்துக்குக் காலவரம்பு இல்லை. சாட்சிகள்தான் செத்துப்போகிறார்கள்.

தூக்கு கொடுப்பார்களா?

நியூரம்பெர்க்கிலும் தோக்கியோவிலும் கொடுத்தார்கள். இப்போது கிடையாது. அதிகபட்சம் 30 ஆண்டு, மிகக் கொடுமையான வழக்கில் ஆயுள். தண்டனையை ஏற்க ஒப்புக்கொண்ட ஏதாவது ஒரு நாட்டின் சிறையில் கழிக்க வேண்டும். கூட்டத்தில் இதைச் சொன்னால் சலசலப்பு வரும். அந்தக் கோபம் எனக்கும் புரியும்.

சிலர் விடுதலையாகி ஊரில் மாலை போட்டு வரவேற்பு வாங்குகிறார்களே?

ஆமாம். குரோஷிய ஜெனரல் கொத்தொவினாவுக்கு 2011இல் 24 ஆண்டு கொடுத்தார்கள், அடுத்த வருடமே மேல்முறையீட்டில் 3–2 என்று விடுதலை. ராணுவ இலக்கிலிருந்து 200 மீட்டருக்கு மேல் தள்ளி விழுந்த குண்டெல்லாம் சட்டவிரோதம் என்று முதல் நீதிமன்றம் வைத்துக்கொண்ட அளவுகோலுக்கு அடிப்படை இல்லை என்றார்கள் மேல் நீதிபதிகள். காங்கோவின் ஆயுதக்குழுத் தலைவர் பெம்பாவின் கதை இதைவிட முக்கியம். 2002–03இல் அவர் ஆட்கள் மத்திய ஆப்பிரிக்கக் குடியரசில் செய்த கொலைக்கும் பாலியல் வன்முறைக்கும் கட்டளைப் பொறுப்பின் கீழ் 2016இல் 18 ஆண்டு கிடைத்தது. 2018 ஜூனில் 3–2 என்று விடுதலை. அவர் தொலைவில் இருந்தார், எல்லை தாண்டிப் போன படை மேல் அவர் எடுத்திருக்கக்கூடிய நடவடிக்கைக்கு எல்லை உண்டு, எடுத்த சில நடவடிக்கைகளையும் கீழ் நீதிமன்றம் சரியாக எடைபோடவில்லை என்பது காரணம். வழக்கில் பங்கேற்ற ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பாதிக்கப்பட்டோர் தரப்பு அன்றைக்கு என்ன பாடுபட்டிருக்கும் என்று நினைத்தாலே நெஞ்சு கனக்கிறது. குற்றம் நடக்கவில்லை என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. நடந்தது, ஆனால் இந்த ஆளோடு கட்டிய முடிச்சு நிற்கவில்லை என்றது. மறுபடியும் அதே இடம்தான்: யார் சொன்னது?

மலேசியா அந்த நீதிமன்றத்தில் உறுப்பு நாடா?

ஒரு மாதம் கதவருகே நின்றுவிட்டுத் திரும்பிய நாடு. 2019 மார்ச் 4 அன்று ரோம் சாசனத்தில் சேருவதற்கான பத்திரத்தை ஒப்படைத்தோம். ஏப்ரல் 5 அன்று அப்போதைய பிரதமர் மகாதீர் விலகுவதாக அறிவித்தார்; ஜூன் 1இல் அமலுக்கு வரவேண்டியது, அதற்கு முன்பே முடிந்துவிட்டது. அரசியலமைப்பின் 41ஆவது பிரிவுப்படி மாமன்னர்தான் ஆயுதப்படைகளின் தலைமைத் தளபதி, அப்படியானால் படை செய்யும் தப்புக்கு அவரைக் கூண்டில் ஏற்றிவிடுவார்களா என்பதுதான் அன்றைக்கு எழுந்த பெரிய அச்சம்.

மேலே சொன்ன முதல் பதிலைத் திரும்பப் படித்துப் பாருங்கள். பட்டம் யாரிடம் என்று இந்தச் சட்டம் பார்ப்பதில்லை, பிடி யாரிடம் என்றுதான் பார்க்கிறது. அமைச்சரவையின் ஆலோசனைப்படி நடக்கும் மாமன்னருக்குப் போர்க்களத்தில் நேரடிப் பிடி இருக்கிறது என்று நிரூபிப்பது மிகக் கடினம் என்பதுதான் என் வாசிப்பு. அதைத் தமிழ், மலாய், சீனம் என்று எல்லா மொழியிலும் பொறுமையாக விளக்கியிருந்தால் அந்தக் கதவு மூடியிருக்காது என்று இன்றைக்கும் வருத்தப்படுகிறேன்.

கோலாலம்பூரிலேயே ஒரு ஜெனரலைக் குற்றவாளி என்று தீர்த்தார்களே?

ஆமாம், 2013 நவம்பரில். மகாதீர் தொடங்கிய அறக்கட்டளையின் ஏற்பாட்டில் நடந்த கோலாலம்பூர் போர்க்குற்றத் தீர்ப்பாயம், 1982இல் பெய்ரூட்டின் சாப்ரா, ஷத்தீலா அகதி முகாம்களில் நடந்த படுகொலைக்காக இஸ்ரேலிய ஜெனரல் ஆமோஸ் யாரோனைக் குற்றவாளி என்றது. 2011இல் புஷ், பிளேர் இருவரையும் அப்படியே. இது குடிமக்கள் நடத்திய தீர்ப்பாயம். எந்த நாடும் அதற்குக் கைது அதிகாரம் கொடுக்கவில்லை, குற்றம் சாட்டப்பட்டவர்களும் வரவில்லை. ஆனால் பாதிக்கப்பட்டவர்கள் நேரில் வந்து பேசினார்கள், அது பதிவானது. நாடகம் என்று தள்ளவும் மாட்டேன், தீர்ப்பு என்று நம்பி உட்காரவும் மாட்டேன். யாரோன் விஷயத்தில் இஸ்ரேலே 1983இல் வைத்த விசாரணைக் குழு, மூன்று வருடத்துக்கு அவரைக் களத் தளபதியாக வைக்க வேண்டாம் என்று பரிந்துரைத்தது. அதோடு நின்றுவிட்டது.

எம்.எச்.17க்கு ஏன் அனைத்துலகத் தீர்ப்பாயம் இல்லை?

கிழக்கு உக்ரேன் மேல் சுட்டு வீழ்த்தப்பட்ட மலேசிய விமானம் அது. 2014 ஜூலை 17, 298 பேர், அதில் 43 பேர் மலேசியர்கள். தனித் தீர்ப்பாயம் வேண்டும் என்று பாதுகாப்பு மன்றத்தில் கேட்டதே மலேசியாதான். 2015 ஜூலை 29 வாக்கெடுப்பில் 11 நாடுகள் ஆதரவு, மூன்று நடுநிலை, ரஷ்யாவின் ஒரே ஒரு வீட்டோவில் போய்விட்டது. பிறகு நெதர்லாந்தின் சொந்த நீதிமன்றமே விசாரித்து, 2022 நவம்பர் 17 அன்று மூன்று பேருக்கு ஆயுள் கொடுத்தது, ஒருவரை விடுவித்தது. அந்த மூவரில் கிர்கின் என்பவர் அன்று பிரிவினைப் படைகளின் தளபதி. பொத்தானை அழுத்தியது யார் என்று தெரியாமலே, ஏவுகணை வண்டியை வரவழைத்துப் பயன்படுத்தியதில் பங்கு என்று தொலைபேசிப் பேச்சுகளை வைத்துக் கட்டிய வழக்கு அது. அவர்கள் யாரும் நெதர்லாந்தின் கையில் இல்லை.

இலங்கைத் தளபதிகளை எப்போது நிறுத்துவார்கள்?

பிரிக்பீல்ட்ஸில் இந்தக் கேள்வி வராத கூட்டமே இல்லை. கேட்கிற அக்கா ஒருவர் ஒவ்வொரு தடவையும் நெகிழிப் பைக்குள் வைத்த ஒரு புகைப்படத்தைக் கையில் வைத்திருப்பார், காட்ட மாட்டார், வைத்திருப்பார். அவருக்குப் பொய் நம்பிக்கை கொடுக்க எனக்கு வாய் வராது.

இலங்கை ரோம் சாசனத்தில் இல்லை. அதனால் 2009இல் நடந்ததை அந்த நீதிமன்றம் எடுக்க வேண்டுமானால் இலங்கையே அதன் அதிகாரத்தை ஏற்க வேண்டும், இல்லாவிட்டால் பாதுகாப்பு மன்றம் அனுப்ப வேண்டும். சூடானை அப்படி 2005இல் அனுப்பினார்கள், இருபது வருடம் கழித்து, 2025 அக்டோபரில், அலி குஷாயிப் என்ற படைத்தலைவன் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது. இலங்கைக்கு அந்த வாக்கெடுப்பே நடக்கவில்லை. ஐ.நா. பொதுச் செயலாளரின் நிபுணர் குழு 2011இல் அரசு, புலிகள் இரண்டு தரப்பின் மீதும் நம்பத்தகுந்த குற்றச்சாட்டுகள் இருப்பதாகச் சொன்னது. 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்றது. 2015இல் வெளிநாட்டு நீதிபதிகளையும் சேர்த்து விசாரிக்க ஒப்புக்கொண்ட இலங்கை அரசு 2020இல் பின்வாங்கியது. மிருசுவிலில் 2000இல் எட்டுப் பேரைக் கொன்றதற்காக ஒரே ஒரு சார்ஜென்டுக்கு மரண தண்டனை வந்தது, அவருக்கும் 2020இல் பொதுமன்னிப்பு. மேலே யாருக்கும் ஒன்றுமில்லை.

நடப்பது என்ன என்றால், 2021இலிருந்து ஐ.நா. மனித உரிமை அலுவலகம் ஆதாரங்களைச் சேர்த்துப் பாதுகாக்கிறது, எந்த நாட்டு நீதிமன்றம் கேட்டாலும் கொடுப்பதற்காக. 2017இல் பிரேசிலில் தூதராக இருந்த முன்னாள் ராணுவத் தளபதி ஜகத் ஜயசூரியா மீது அங்கேயும் கொலம்பியாவிலும் மனித உரிமைக் குழுக்கள் வழக்குப் போட்டன; அவர் குற்றச்சாட்டை மறுக்கிறார், அந்தச் சமயத்தில் நாடு திரும்பிவிட்டார். 2025 மார்ச்சில் பிரிட்டன் அவர் உட்பட நான்கு பேருக்குத் தடை விதித்தது. தடை என்பது தீர்ப்பு இல்லை. யாரையும் தீர்ப்புக்கு முன் குற்றவாளி என்று எழுதாதீர்கள், நாளைக்கு அதுவே அவர்கள் வக்கீலுக்கு ஆயுதமாகும்.

அப்படிப்பட்ட ஒருவர் கோலாலம்பூருக்கு வந்தால் போலீஸில் புகார் கொடுக்கலாமா?

புகார் யாரும் கொடுக்கலாம். நம்மிடம் 1962ஆம் ஆண்டின் ஜெனிவா ஒப்பந்தச் சட்டம் இருக்கிறது. அந்த ஒப்பந்தங்களைக் கடுமையாக மீறியவர் எந்த நாட்டுக்காரரானாலும், எங்கே செய்திருந்தாலும் இங்கே விசாரிக்க அது இடம் கொடுக்கிறது, ஆனால் அரசாங்கத் தலைமை வழக்கறிஞரின் ஒப்புதல் வேண்டும். இன்னொரு முட்டுக்கட்டையும் உண்டு: ‘கடுமையான மீறல்’ என்ற வகை நாடும் நாடும் மோதும் போருக்கானது. உள்நாட்டுப் போர் அதற்குள் வருமா என்ற வாதத்திலேயே வழக்கு சிக்கிக்கொள்ளும்.

எங்கள் வீட்டில் ஒரு பெரியவர் எல்லாவற்றையும் பார்த்தவர். இப்போது பதிவு செய்து வைக்கலாமா?

வையுங்கள், தள்ளிப்போடாதீர்கள். ஆனால் ஒருவேளை பிற்பாடு நீதிமன்றத்துக்குப் போகக்கூடிய ஆள் என்றால், நீங்களே முழுக் கதையையும் பலமுறை கேட்டுப் பதிவு செய்யாதீர்கள். ஒவ்வொரு தடவையும் சொல்வதில் சின்னச் சின்ன மாற்றம் வரும், எதிர்த்தரப்பு அதை வைத்தே சாட்சியை உடைக்கும். அவர்கள் சம்மதித்தால் ஒரு தடவை, இடையில் நிறுத்தாமல், அவர்கள் பேச்சிலேயே. பதிவு தொடங்கும்போது நீங்கள் அன்றைய தேதி சொல்லுங்கள், பக்கத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று சொல்லுங்கள். “ராணுவம்தானே சுட்டாங்க?” என்று பதிலை ஊட்டிக் கேட்காதீர்கள், “அப்புறம் என்ன பார்த்தீங்க?” என்று கேளுங்கள். பார்த்தது எது, பிறர் சொல்லிக் கேட்டது எது என்று பிரித்து வையுங்கள். உடையின் நிறம், வண்டி, தொப்பி, வானொலி வைத்திருந்தது யார், அவர் வந்ததும் மற்றவர்கள் எழுந்து நின்றார்களா, இதெல்லாம் பெரியவர்களுக்கு நன்றாக ஞாபகம் இருக்கும், கேட்கத்தான் மாட்டோம். படமோ காணொளியோ கைப்பேசியில் இருந்தால் அசல் கோப்பை அப்படியே வையுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அளவு சுருங்கும், எடுத்த நேரம் இடம் பற்றிய விவரமும் போய்விடும்.

அழுதால் நிறுத்திவிடுங்கள், தண்ணீர் கொடுங்கள், அன்றைக்கு விட்டுவிடுங்கள். “சொன்னாங்க” என்று வரும் இடத்தில் மட்டும் ஒரே ஒரு தடவை, மெதுவாக, “யாரு பாட்டி, ஒருத்தரா, நிறைய பேரா?” என்று கேளுங்கள். தெரியவில்லை என்றால், தெரியவில்லை என்றே எழுதி வையுங்கள்.